ரோஜர் ஆடம்ஸ் விருது ‘கரிம வேதியியலின் நோபல்’தானா?

உங்கள் மகள் தொடக்கக் கல்லூரியில் எச்2 எனப்படும் மேல்நிலை வேதியியல் படிக்கிறாள்; கரிம வேதியியல் பகுதி வந்ததிலிருந்து அதிலேயே மூழ்கிக் கிடக்கிறாள்; துணைப்பாட ஆசிரியர் ஒருவர் ரோஜர் ஆடம்ஸ் விருது என்ற ஒன்றைக் குறிப்பிட்டு, “கரிம வேதியியலின் நோபல் அதுதான்” என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, நோபல் பரிசே இருக்கும்போது தனியாக இன்னொரு விருது எதற்கு, சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஒருவர் அதை வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், “இந்தத் துறையில் போனால் பிள்ளையின் உழைப்பை யாராவது மதிப்பார்களா?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். விருதைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நான் இங்கேதான் கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றேன். அதன்பின் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில், மருந்துகளின் மூலப்பொருள்களைப் பெரிய அளவில் தயாரிப்பதற்கான முறைகளை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த விருதுக் குழுவிலும் அமர்ந்ததில்லை. ஆகவே தேர்வு அறைக்குள் என்ன பேசுகிறார்கள் என்பது என் எல்லைக்கு வெளியே இருப்பது. யாருக்கு எந்த ஆண்டு கிடைத்தது என்பது பொதுப் பதிவில் உள்ளது. அதை உறுதியாகச் சொல்கிறேன். ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று பேசும் இடங்களில் அது என் கணிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோஜர் ஆடம்ஸ் விருதை வழங்குவது அமெரிக்க வேதியியல் சங்கம். 1959இல் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒற்றைப்படை ஆண்டுகளில் கொடுத்து வருகிறார்கள். கரிம வேதியியல் ஆராய்ச்சியில், அந்தத் துறையை மிக விரிந்த பொருளில் எடுத்துக்கொண்டு, தலைசிறந்த பங்களிப்பைச் செய்தவருக்கு உரியது. எந்த நாட்டவர் என்பது தடையில்லை. பெறுபவர் அமெரிக்காவின் தேசியக் கரிம வேதியியல் கருத்தரங்கில் உரையாற்றுவார். ‘கரிம வேதியியலின் நோபல்’ என்பது மரியாதைக்காகச் சொல்லும் பேச்சு. அப்படியோர் அதிகாரபூர்வப் பட்டம் அந்த விருதுக்குக் கிடையாது. துறைக்குள் இருப்பவர்களில் டெட்ரஹெட்ரான் பரிசையும், இஸ்ரேலின் உல்ஃப் பரிசையும் அதே வரிசையில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆசிரியர் சொன்னது மிகை என்றாலும் தவறான திசையில் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த விருதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஆர்கானிக் சிந்தெசிஸ், ஆர்கானிக் ரியாக்‌ஷன்ஸ் என்ற இரண்டு வெளியீடுகளை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்புகள்தாம் அதன் புரவலர்கள். இரண்டும் ரோஜர் ஆடம்ஸ் தொடங்கிவைத்தவற்றில் சேர்ந்தவை. முதல் உலகப் போர் வெடித்தபோது உலகத்தின் சாயங்களும் மருந்துகளும் ஆய்வுக்கூட வேதிப்பொருள்களும் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. கப்பல் நின்றது, அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் தவித்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கோடை விடுமுறையில் அந்த வேதிப்பொருள்களைத் தாங்களே தயாரித்து விற்கும் ஏற்பாடு அப்போது தொடங்கியிருந்தது. 1916இல் அங்கே சேர்ந்த ஆடம்ஸ் அதை வளர்த்தெடுத்தார். தயாரிக்கத் தயாரிக்க ஓர் உண்மை எல்லாருக்கும் உறைத்தது: ஜெர்மன் ஆய்விதழ்களில் அச்சாகியிருந்த செய்முறைகள் பல, எழுதியிருந்தபடி செய்தால் சரியாக வருவதில்லை. ஒவ்வொன்றையும் திருத்தி, அளவையும் வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகள் வளர்ந்து, 1921இல் ஆர்கானிக் சிந்தெசிஸ் என்ற ஆண்டுத் தொகுப்பின் முதல் பகுதியாக வெளிவந்தன.

அந்தத் தொகுப்புக்கு ஒரு விதி உண்டு. இன்றுவரை அதை விடவில்லை. யார் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், அவர் அனுப்பும் செய்முறையை ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவருடைய ஆய்வுக்கூடத்தில் வேறு கைகள் செய்து பார்க்கும். அதே பொருள், ஏறத்தாழ அதே விளைச்சல் (கிடைக்கும் பொருளின் அளவு) வந்தால்தான் அச்சேறும். இது ஏதோ சிறிய நடைமுறை போலத் தோன்றலாம். என் வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஆய்விதழ்க் கட்டுரையில் தொண்ணூறு விழுக்காடு விளைச்சல் என்று போட்டிருக்கும். இங்கே நாங்கள் செய்தால் பாதிகூட வராது. கரைப்பானில் எவ்வளவு ஈரம் இருந்தது, எவ்வளவு வேகமாகக் கலக்கினார்கள், வினைபொருளை ஒரே தடவையில் கொட்டினார்களா சொட்டுச் சொட்டாக விட்டார்களா என்று எதுவும் எழுதியிருக்காது. சிங்கப்பூரின் காற்றில் இருக்கும் ஈரமே சில வினைகளைக் கெடுத்துவிடும். ஆர்கானிக் சிந்தெசிஸில் இருக்கும் செய்முறை அப்படி ஏமாற்றுவது மிக அரிது. வினைகலனில் கிலோக் கணக்கில் போடுவதற்கு முன் நாங்கள் நம்பி எடுக்கும் தொடக்கப் புள்ளிகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் உலகத்தின் வேறொரு மூலையில் செய்தாலும் வர வேண்டும் என்பதை அடித்தளமாக வைத்த ஒரு வெளியீடு, அதன் பணத்தில் கொடுக்கும் விருது இது. அதனால்தான் எனக்கு இதன் மீது பெரிய மதிப்பு.

ஆடம்ஸ் நோபல் பரிசு பெற்றவர் அல்லர். ஆனால் அவர் பெயரில் ஒரு வினையூக்கி இருக்கிறது. பிளாட்டினம் டைஆக்சைடிலிருந்து கிடைக்கும் ‘ஆடம்ஸ் வினையூக்கி’, 1922இல் அவரும் மாணவர் ஒருவரும் வெளியிட்டது. கார்பன் இரட்டைப் பிணைப்புகளோடு ஹைட்ரஜனைச் சேர்க்க இன்றும் பயன்படுகிறது. நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1946இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெண்டல் ஸ்டான்லியும் அப்படியே. நம்மவர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. தொழுநோய்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நீரடிமுத்து எண்ணெயை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த மரத்தின் இனத்தைச் சேர்ந்த விதைகளிலிருந்து வரும் எண்ணெயில் உள்ள அமிலங்களின் அமைப்பை 1920களில் ஆராய்ந்து தெளிவாக்கியவர்களில் ஆடம்ஸ் முக்கியமானவர்.

இன்னொரு செய்தி, உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1940களின் பிற்பகுதியில் இல்லினாய்க்குச் சென்று ஆடம்ஸிடமே ஆராய்ச்சி செய்தார். ஆல்கலாய்டுகள் எனப்படும் தாவர வேதிப்பொருள்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1949இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்திருக்கின்றன. அவர் அங்கேயே தங்கிவிடாமல் சென்னைக்குத் திரும்பினார். நம் ஊரில் வேலியோரம் படரும் நஞ்சறுப்பான் கொடியில் இருக்கும் டைலோஃபோரின் என்ற பொருளின் அமைப்பை விடுவித்தார். 1960இல் வேதியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதைப் பெற்றவர் ஆசிமா சாட்டர்ஜி, கரிம வேதியியலில் பெரும் பெயர் எடுத்த வங்கப் பெண்மணி. கோவிந்தாச்சாரி பிற்காலத்தில் வேம்பின் பக்கம் திரும்பினார். வேப்ப விதையில் பூச்சிகளை விரட்டும் அஸாடிராக்டின் என்ற மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: அதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகக் கட்டி முடிக்க, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவரின் குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின; 2007இல்தான் முடிந்தது. மாணவர் தலைமுறைகள் மாறி மாறி உழைத்த வேலை அது.

இனி விருது பெற்றவர்களின் பட்டியலுக்கு வருவோம். முதலில் 1959இல் பெற்றவர் பிரிட்டனின் டெரெக் பார்ட்டன். ஆறு கார்பன் கொண்ட வளையம் தட்டையாக இருப்பதில்லை, நாற்காலி போல மடிந்திருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். அந்த மடிப்புதான் மூலக்கூறு எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1950இல் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் அவர் காட்டினார். பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே உங்கள் மகள் அதைப் படிப்பாள். 1961இல் பெற்றவர் ராபர்ட் உட்வர்ட். ‘எட்டி பழுத்தென்ன’ என்று பழமொழியில் வரும் அதே எட்டியின் கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை 1954இலும், பச்சையத்தை 1960இலும் படிப்படியாகக் கட்டிக் காட்டியவர். பிறகு 1969இல் சூரிக்கின் விளாடிமிர் பிரெலாக், 1971இல் ஹெர்பர்ட் பிரவுன், 1973இல் ஜெர்மனியின் கியார்க் விட்டிக், 1985இல் டொனால்ட் கிராம், 1989இல் ஜார்ஜ் ஓலா, 2001இல் ஜப்பானின் ரியோஜி நொயோரி. 1965இல் பெற்ற ஆர்தர் கோப் அடுத்த ஆண்டே இறந்தார். அவர் பெயரில் 1973இல் இன்னொரு விருது பிறந்தது. அதை முதலில் வாங்கியவர்கள் உட்வர்டும் ரோல்ட் ஹாஃப்மனும்.

இப்போது உங்கள் மகளின் ஆசிரியர் சொன்னதற்கு ஓரளவு அடிப்படை தெரியும். பார்ட்டனுக்கு 1969இல் நோபல். உட்வர்டுக்கு 1965இல். பிரெலாகுக்கு 1975இல். பிரவுனும் விட்டிகும் 1979இல் ஒன்றாகப் பகிர்ந்தார்கள். கிராமுக்கு 1987இல், ஓலாவுக்கு 1994இல். நொயோரி இரண்டையும் 2001ஆம் ஆண்டிலேயே பெற்றார். இதைப் பார்த்து, ‘ரோஜர் ஆடம்ஸ் கிடைத்தால் நோபல் நிச்சயம்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். நான் மேலே எழுதியவை நோபலும் கிடைத்த பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்தவை. பட்டியலில் நோபல் கிடைக்காதவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய வேலை நோபல் பெற்றவர்களுடையதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. 1991இல் ரோஜர் ஆடம்ஸ் விருது பெற்ற கில்பர்ட் ஸ்டோர்க், ஒரு மூலக்கூறைக் கட்டும்போது எந்தப் பிணைப்பை எந்தப் பக்கத்தில் அமைப்பது என்பதை முன்கூட்டியே திட்டமிட முடியும் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர். அவர் பெயரில் இருக்கும் எனமின் வினையை நான் மாணவனாக இருந்தபோதே செய்திருக்கிறேன். 2017இல் நோபல் இல்லாமலே மறைந்தார்.

என் மனத்தில் தைத்து நிற்பது ரோல்ஃப் ஹுய்ஸ்கனின் கதை. 1975இல் ரோஜர் ஆடம்ஸ் விருது பெற்றவர், மூனிக்கில் பேராசிரியர். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஐந்தணு வளையமாகும், 1,3-இருமுனைச் சேர்க்கை என்று அழைக்கப்படும் வினைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்திருந்தன. அவை எல்லாம் ஒரே குடும்பம் என்பதைக் கண்டு, எப்படி நடக்கின்றன, எவ்வளவு வேகத்தில் நடக்கின்றன, எது எதோடு சேரும் என்று 1950களின் இறுதியிலிருந்து பல்லாண்டுகள் அளந்து முறைப்படுத்தினார். அசைடு என்ற மூன்று நைட்ரஜன் தொகுதியும், அல்கைன் என்ற முப்பிணைப்புத் தொகுதியும் சேர்ந்து ஐந்தணு வளையமாக மாறும் வினை அந்தக் குடும்பத்தில் ஒன்று. சூடாக்கினால்தான் நடக்கும், நடந்தாலும் இரண்டு விதமான பொருள்கள் கலந்து வரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கில் மோர்டன் மெல்டாலும், அமெரிக்காவில் பாரி ஷார்ப்லெஸும் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள்: சிறிதளவு செம்பு சேர்த்தால் அதே வினை அறை வெப்பநிலையிலேயே விரைவாக நடக்கிறது, ஒரே பொருளைத் தருகிறது. செம்பு உயிரணுக்களுக்கு நஞ்சு. அதனால் வளைத்து இறுக்கிய அல்கைனைப் பயன்படுத்தி, செம்பே இல்லாமல் உயிருள்ள உயிரணுக்களில் இந்த வினையை நடத்திக் காட்டினார் கேரலின் பெர்டோஸி. 2022இல் மூவருக்கும் நோபல். அப்போது ஹுய்ஸ்கன் உயிரோடு இல்லை. 2020 மார்ச்சில், தம் நூறாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது காலமாகியிருந்தார். இறந்தவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை. கொடுப்பதாக இருந்தாலும் ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது.

அவருக்கு ஏன் முன்பே கிடைக்கவில்லை என்று யாரும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோபல் பரிந்துரைகளும் விவாதங்களும் ஐம்பது ஆண்டுகள் பூட்டிவைக்கப்படுகின்றன. என் கணிப்பு இது: அவருடைய வேலையின் முழுப் பயன் மருந்தியலிலும் உயிரியலிலும் வெளிப்பட்டது 2000க்குப் பிறகுதான். நோபல் குழு பயனைக் கண்டுபிடித்த நேரத்தில் அடித்தளம் போட்டவர் மிக முதியவராகிவிட்டார். ஆனால் அவரோடு ஒரே துறையில் வேலை செய்தவர்கள் அந்த அடித்தளத்தின் மதிப்பை 1975லேயே அறிந்திருந்தார்கள். ‘நோபல் இருக்கும்போது இது எதற்கு’ என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. வேதியியல் நோபல் ஆண்டுக்கு ஒன்றுதான். அது முழு வேதியியலுக்கும் உரியது. உயிரியலின் பெரும்பகுதியும் இப்போது அதற்குள் வந்துவிட்டது. 2020இல் மரபணுவை வெட்டித் திருத்தும் முறைக்கும், 2024இல் கணினியால் புரத அமைப்பைக் கணிப்பதற்கும் வடிவமைப்பதற்கும் கிடைத்தது. கரிம வேதியியலர்களின் முறை 2001, 2005, 2010, 2021, 2022 என்று இடைவெளி விட்டுத்தான் வந்திருக்கிறது. ஒரு துறையின் உள்ளே இருப்பவர்கள், ‘இவருடைய வேலை இல்லாவிட்டால் எங்கள் வேலை நடக்காது’ என்று தாங்களே அறிவிக்க ஓர் இடம் வேண்டும். துறை விருதுகள் அதற்காகத்தான்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு வாங்க முடியுமா? விதிப்படி தடை எதுவும் இல்லை. பார்ட்டன், பிரெலாக், விட்டிக், ஹுய்ஸ்கன், நொயோரி ஆகியோர் அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்து பெற்றவர்கள்தாம். ஆனால் இது விண்ணப்பம் போட்டு வாங்கும் விருது அன்று. வேறொருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர்கள் ஆதரித்துக் கடிதம் எழுத வேண்டும். அப்படி எழுத வேண்டுமானால் அவர்கள் அந்த வேலையை அறிந்திருக்க வேண்டும்; தங்கள் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தியும் இருந்தால் கடிதத்துக்கு வலு வரும். இங்கே இன்னொரு கணக்கையும் பாருங்கள். பார்ட்டனின் கட்டுரைக்கும் விருதுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். பிரவுன் போரான் சேர்மங்களை இரட்டைப் பிணைப்போடு சேர்க்கும் வினையை 1956இல் வெளியிட்டார், விருது 1971இல். விட்டிக் தம் பெயரால் வழங்கும் வினையை 1950களின் தொடக்கத்தில் கண்டார், இன்று வைட்டமின் ஏ தொழிற்சாலையில் அதைக் கொண்டு தயாராகிறது, விருது 1973இல். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணித அறிவியல்களுக்கான கல்லூரி, வேதியியல் பிரிவோடு 2005இல்தான் தொடங்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை மிகப் பழையது என்றாலும், அங்கும் இன்றைய அளவிலான ஆராய்ச்சி அண்மைப் பத்தாண்டுகளில் வளர்ந்ததே. ஆகவே சிங்கப்பூரில் இப்போது செய்யப்படும் வேலையைப் பெரிய விருதுகளை வைத்து அளப்பது பொருந்தாது, காலம் போதாது. கருவிகளிலும் நிதியிலும் இங்கே குறை சொல்ல இடமில்லை என்பது நான் நேரில் கண்டது. குறை என்று நான் கருதுவது வேறு: ஒரே கேள்வியைப் பதினைந்து இருபது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பொறுமையை இந்த ஊரின் வேகம் எளிதில் அனுமதிப்பதில்லை. இது என் கருத்துதான். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் மறுக்கலாம்.

உள்ளூர் அங்கீகாரமும் இருக்கிறது. அதிபர் அறிவியல், தொழில்நுட்ப விருதுகளும், இளம் அறிவியலாளர் விருதும் ஆண்டுதோறும் இங்கே வழங்கப்படுகின்றன. அவை எல்லா அறிவியல் துறைகளுக்கும் பொது. வெளியே, நாற்பது வயதுக்குட்பட்ட கரிம வேதியியலர்களுக்கென்றே தீமே-ஐயூபேக் பரிசு 1992 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தரப்படுகிறது. ஆனால் உங்கள் மகள் இந்தப் பெயர்களையெல்லாம் இப்போது மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பிள்ளையின் உழைப்பை யாராவது மதிப்பார்களா என்றீர்கள். இந்தத் துறையில் மதிப்பு வரும் வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: நீங்கள் கண்ட வினையை இன்னொருவர் எடுத்துத் தம் வேலைக்குப் பயன்படுத்துவது. அந்த மதிப்பு விருது மேடையில் மட்டும் நடப்பதன்று. ஜூரோங் தீவிலும் துவாஸிலும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. எங்கள் குழுவில் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தோடு வந்த இளைஞர் ஒருவர், படிகமாக்கும்போது குளிர்விக்கும் வேகத்தை மாற்றிப் பார்த்து ஒரு தொல்லையைத் தீர்த்தார். இன்றும் அந்தப் பொருளைத் தயாரிக்கும் ஒவ்வொருவரும் அவர் எழுதிய குறிப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். அவருக்கு எந்தப் பதக்கமும் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் வந்தால் முதலில் அவரைத்தான் தேடிப் போவோம். வேலைவாய்ப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் வரை படித்தவர்களுக்கான ஆராய்ச்சிப் பணியிடங்கள் இங்கே அளவானவையே. எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. ஆனால் மூலக்கூறுகளைத் தயாரிக்கவும், பிரிக்கவும், அவை எவை என்று சோதித்து உறுதி செய்யவும் தெரிந்த கைகளுக்கு மருந்துத் தொழிலிலும், வேதிப்பொருள் தொழிலிலும், தரச் சோதனைக் கூடங்களிலும் வேலை இருக்கிறது. கரிம வேதியியல் உண்மையாகவே பிடித்த பிள்ளையை வேறு பக்கம் திருப்ப வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமில்லை.

இப்போதைக்கு அவள் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். ஆர்கானிக் சிந்தெசிஸின் எல்லாத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் பாடத்தில் வரும் வினை ஒன்றை, எஸ்ட்டராக்கமோ நைட்ரோ ஏற்றமோ, அதில் தேடி எடுக்கட்டும். பாடநூலில் ஒற்றை அம்புக்குறியாக இருப்பது, அங்கே ஒரு முழுப் பக்கமாக விரிந்திருக்கும்: எந்தக் குடுவை, எவ்வளவு நேரம், எப்போது நிறம் மாறும், எங்கே கவனம் தேவை. பின்குறிப்புகளைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்தவர்கள் கண்டவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாசிப்பதோடு நிற்க வேண்டும். வீட்டில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. நைட்ரோ சேர்மங்களும் கரைப்பான் ஆவியும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்கு உரியவை அல்ல. படித்ததில் புரியாததைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கலாம். பல ஆசிரியர்கள் அத்தகைய கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் போய், ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வரும்போது, அந்தப் பேராசிரியர் என்னென்ன விருது வாங்கியிருக்கிறார் என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே இருக்கும் மூத்த மாணவர்களிடம் அவள் தனியாக ஒன்று கேட்க வேண்டும்: கட்டுரை அனுப்புவதற்கு முன், செய்முறையைக் குழுவில் வேறொருவர் செய்து பார்ப்பது இங்கே வழக்கமா? ஆம் என்றால், கடைசியாக யாருடைய வேலையை யார் செய்து பார்த்தார், என்ன மாறியது என்று தொடர்ந்து கேட்கட்டும். வழக்கம் உண்மையாக இருக்கும் குழுவில் அதற்குப் பெயரோடும் விவரத்தோடும் பதில் கிடைக்கும். அதற்குள் எச்2 பாடத்திலோ விருதைப் பற்றியோ வேறு சந்தேகம் இருந்தால் அவளையே இங்கே எழுதச் சொல்லுங்கள். நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுகிறேன்.